காட்டுக் கணக்கில் கீழே இருக்கும் எண்

மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம், காட்டை நம்பி வாழ்பவர்களுக்கு அதன்மீது உரிமை தரும் வன உரிமைச் சட்டம் எந்த அளவுக்கு நடைமுறையாகிறது என்று அவ்வப்போது ஒரு மாதாந்திர அறிக்கை வெளியிடும். மாநிலவாரியாக ஒரு பெரிய அட்டவணை. வந்த மனுக்கள், வழங்கிய பட்டாக்கள், நிராகரித்த மனுக்கள், அப்புறம் ‘முடித்துவைக்கப்பட்டவை’ என்று ஒரு கட்டம், அதை ஒட்டி ஒரு சதவீதம். அந்தச் சதவீதம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பரவாயில்லையே, வேலை நடந்திருக்கிறதே என்று தோன்றும். கொஞ்சம் நிதானித்துக் கட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் விஷயம் தெரியும். பட்டா கொடுத்தாலும் மனு முடிந்தது, தள்ளுபடி செய்தாலும் மனு முடிந்தது. ஒரு மாவட்டத்துக்கு வந்த மனுக்கள் மொத்தத்தையும் ஒரே மூச்சில் நிராகரித்துவிட்டால் அந்த மாவட்டத்தின் முன்னேற்றம் நூறு சதவீதம்.

இதில் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. கட்டத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் எண்ணியிருக்கிறார்கள். மனுவை எண்ணியிருக்கிறார்கள், காட்டை எண்ணவில்லை. மனு போட்டவர் கையில் என்ன வந்தது என்பது வேறொரு கேள்வி.

சமூகக் காடுகளுக்கும் கிராம நிலப் பயன்பாட்டுத் திட்டங்களுக்கும் எந்த அரசு என்ன இலக்கு வைத்தது, எவ்வளவு வந்திருக்கிறது என்று குறித்துவைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு விரிதாள், நாட்டுக்கு ஒரு வரிசை. சிலர் காலையில் எழுந்ததும் பங்குச் சந்தையைப் பார்ப்பதுபோல என்று வீட்டில் சொல்வார்கள், லாபம்தான் இல்லை. அந்த விரிதாளில் ‘இத்தனை லட்சம் ஹெக்டேர் வழங்கப்பட்டது’ என்ற எண்ணைக் கடைசியாகத்தான் நிரப்புவேன். முதலில் தேடுவது அதற்குக் கீழே வரவேண்டிய எண்ணை. எவ்வளவில் இவ்வளவு? அந்த ‘எவ்வளவில்’ என்பதை யார் முடிவு செய்தார்கள்? பின்னத்தின் மேல் பாதியை எல்லா அரசும் விளம்பரம் செய்யும். கீழ்ப் பாதியைப் பற்றிக் கேட்டால்தான் மௌனம்.

இந்தோனேசியாவை எடுத்துக்கொள்வோம். இந்த வரிசையை நான் அதிகம் திறந்து பார்ப்பதற்குக் காரணம், அங்கே இலக்கு என்று ஒன்று தெளிவாக இருக்கிறது. 2015 முதல் 2019 வரையிலான ஐந்தாண்டுத் திட்டத்தில் 1.27 கோடி ஹெக்டேர் சமூக வனம் என்று எழுதினார்கள். நாட்டில் அரசு ‘வனப்பகுதி’ என்று அறிவித்து வைத்திருப்பது ஏறத்தாழ 12 கோடி ஹெக்டேர். அதில் சுமார் பத்தில் ஒரு பங்கை மக்கள் கையில் கொடுக்கிறோம் என்பது சின்னப் பேச்சு இல்லை. கிராமக் காடு, சமூகக் காடு, மக்கள் தோட்டக் காடு, காட்டை நிர்வகிக்கும் நிறுவனத்தோடு கூட்டாண்மை, மரபுரிமைக் காடு என்று ஐந்து வழிகள். மரபுரிமைக் காட்டைத் தவிர மற்றதெல்லாம் 35 ஆண்டு அனுமதி.

2019 முடிந்தபோது கணக்கு 40 லட்சத்தை ஒட்டி நின்றது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இலக்கை என்ன செய்தார்கள்? எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு வருடத்தைத் தள்ளினார்கள். 2024 முடியும்போது 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்போது பேச்செல்லாம் 2030. இதை வைத்து இந்தோனேசியாவைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் தவறினார்கள் என்று நமக்குத் தெரிவதே அவர்கள் ஒரு எண்ணைச் சொன்னதால்தான். எங்கெங்கே கொடுக்கலாம் என்று ஒரு உத்தேச வரைபடமும் வெளியிட்டு அவ்வப்போது திருத்துகிறார்கள். வெளியே இருப்பவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி இருக்கிறது.

ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. ஐந்து வழிகளில் ஹெக்டேர் எல்லாம் ஒன்றாகவே கூட்டப்படுகிறது. 35 வருட அனுமதியும், ‘இது உங்கள் மூதாதையர் காடு’ என்று ஒப்புக்கொள்வதும் ஒரே கூட்டலில் ஒரே எடை. அனுமதி என்பது அரசு தன்னுடையதைக் கொஞ்ச காலம் கொடுத்துவைப்பது. மரபுரிமைக் காடு அப்படி இல்லை. அது அரசு வனமே கிடையாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தன் 35-ஆம் எண் வழக்கில் 2013 மே மாதம் தீர்ப்புச் சொன்னது. அதன்படி முதல் சில சமூகங்களுக்கு அங்கீகாரக் கடிதம் கிடைக்கவே 2016 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் மொத்த சமூக வனத்தில் மரபுரிமைக் காட்டின் பங்கு மூன்று லட்சம் ஹெக்டேரைச் சற்றுத் தாண்டியதோடு நிற்கிறது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். மரபுரிமை வேண்டுமென்றால் முதலில் அந்த மாவட்டம் அந்தச் சமூகத்தை அங்கீகரித்து ஒழுங்குமுறை இயற்ற வேண்டும். மாவட்டப் பேரவைக்கு அது எப்போதும் கடைசி வேலை. கூட்டாண்மைக்கு ஒரு ஒப்பந்தம் போதும். எது எளிதோ அதுதான் இலக்கை நோக்கி வேகமாக ஏறும்.

சரி, இலக்கே இல்லாவிட்டால்? அதற்கு நம் நாடே உதாரணம்.

வன உரிமைச் சட்டம் 2006-இல் நிறைவேறி, 2008 தொடக்கத்தில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அதில் சமூக வன வள உரிமை என்பது பெரிய விஷயம். ஒரு கிராமம் தலைமுறைகளாகப் பயன்படுத்திவரும் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கே அதிகாரம். இது உரிமை, திட்டம் அல்ல என்பதால் இத்தனை ஹெக்டேர் என்று யாரும் இலக்கு வைக்கவில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உரிமைக்கு என்ன இலக்கு, இருப்பவர்கள் எல்லோருக்கும் உண்டு என்பதுதானே? நடைமுறையில் என்ன ஆனதென்றால், கீழே போட எண் இல்லாமல் போய்விட்டது. மனு வந்தால் எண்ணுவோம் என்றார்கள். மனு போடாத கிராமம் கணக்கில் இல்லை. மனு போட முடியும் என்றே தெரியாத கிராமம் சுத்தமாகக் கணக்கில் இல்லை.

அந்த மாதாந்திர அறிக்கையில் இன்னொரு குழப்பமும் உண்டு. ‘சமூக உரிமை’ என்று ஒரே கட்டம்தான். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மீன்பிடிக்கும் கிடைக்கும் உரிமையும், மொத்தக் காட்டையும் நிர்வகிக்கும் உரிமையும் அதில் கலந்து கிடக்கும். ஆந்திரத்தில் ஒரு கட்டத்தில் கிராம சபைகளுக்குப் போகவேண்டிய சமூகப் பட்டாக்கள் வனத்துறை அமைத்த வன சம்ரக்ஷண சமிதிகளின் பெயரில் போயின. சட்டம் நடைமுறையாவதை ஆராய அரசு அமைத்த சக்சேனா குழு 2010-இல் இதைக் குறிப்பிட்டது. எண்ணிக்கையில் அதுவும் பட்டாதான். தமிழ்நாட்டின் கதை தனி. சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் 2008-இலிருந்து பட்டா வழங்குவது முடங்கி, 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகுதான் நகர்ந்தது. அத்தனை வருட அட்டவணைகளிலும் தமிழ்நாட்டு வரிசையில் ஒரு அடிக்குறிப்பு மட்டும். மனுக்களைப் பரிசீலித்து முடித்து, பட்டா தயாராக இருந்தும் கொடுக்க முடியாத நிலை அது. சதவீதம் பார்ப்பவர்களுக்கு அது சோம்பேறி மாநிலமாகத் தெரிந்திருக்கும்.

கீழே போடவேண்டிய எண்ணை அரசு தராதபோது வேறு யாராவது போட்டாக வேண்டும். 2015-இல் சில ஆய்வு அமைப்புகள் சேர்ந்து அதைச் செய்தன. கிராம எல்லைகளுக்குள் எவ்வளவு காடு இருக்கிறது, அதற்கு வெளியே வழக்கமாகப் பயன்படுத்தும் பரப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, நாடு முழுக்கக் குறைந்தது 4 கோடி ஹெக்டேருக்கு சமூக வன வள உரிமை பொருந்தும் என்றன. அதுவரை கிடைத்திருந்தது அதில் ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டி. முடித்துவைத்த மனுக்களின் சதவீதத்தையும் இந்தச் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நாட்டின் ஒரே சட்டத்தைப் பற்றியவை. மதிப்பீடுதானே, பிழை இருக்கலாமே என்று வாதிடலாம். இருக்கட்டும், பாதிதான் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிடைத்தது மூன்று சதவீதத்தைத் தொடாது.

காட்டுப் பரப்பு இலக்குகளை இங்கே கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறேன், அதில் பெரிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. 1952-இலும் 1988-இலும் வந்த தேசிய வனக் கொள்கைகள் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு என்றன. 2023-ஆம் ஆண்டுக்கான இந்திய வன நிலை அறிக்கைப்படி காடு 21.76 சதவீதம், காட்டுக்கு வெளியே உள்ள மரங்கள் 3.41, ஆக 25.17. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து சதவீதம் மர நிழல் விழுந்தால் அது காடு. நிலம் யாருடையது, மரம் என்ன என்ற கேள்வி கிடையாது, பழத்தோட்டமும் சேரும். கம்போடியா 2015-க்குள் 60 சதவீதம் என்றது, லாவோஸ் 2020-க்குள் 70 என்றது. இப்படி எந்த இலக்கும் அந்தக் காட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பேசாது. வானத்திலிருந்து பார்த்தால் யூக்கலிப்டஸும் பச்சைதான்.

இன்னொரு தொல்லை, கூடிக்கொண்டே போகும் எண்கள். ‘இதுவரை மொத்தம்’ என்று போட்டுவிட்டால் அந்த எண் ஒருநாளும் இறங்காது. நேபாளத்தை எல்லோரும் புகழ்வார்கள், புகழவேண்டியதுதான். 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூக வனப் பயனர் குழுக்கள், 22 லட்சம் ஹெக்டேருக்கு மேல் காடு. மொட்டையாக நின்ற நடுமலைகள் திரும்பப் பச்சை பிடித்ததை நேரில் பார்த்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு செயல்திட்டம் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மரக் கணக்கெடுப்பு வேண்டும், அதற்கு வனத்துறைத் தொழில்நுட்பர் வரவேண்டும், அவர் வர நேரம் வேண்டும், பணமும் வேண்டும். காலாவதியான செயல்திட்டத்தோடு நாட்கணக்கில் அல்ல, வருடக்கணக்கில் கிடக்கும் குழுக்கள் ஏராளம். திட்டம் காலாவதியானால் சட்டப்படி ஒரு மரம் வெட்ட முடியாது. ஆனால் 22 ஆயிரம் என்பதில் அந்தக் குழுவும் ஒன்றுதான். பிலிப்பைன்ஸில் 2006 தொடக்கத்தில் சுற்றுச்சூழல் துறை பல மண்டலங்களில் சமூக வன ஒப்பந்தங்களை ஒரே ஆணையில் ரத்து செய்தது. 25 ஆண்டு என்று கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அவை. ஆகவே என் விரிதாளில் ‘மொத்தம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘இன்று உயிரோடு’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. எந்த அமைச்சகமும் அதை வெளியிடுவதில்லை.

உயிரோடு என்றால் என்ன என்பதற்கு மெந்தா லேகாவைச் சொல்வேன். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள கோண்டு பழங்குடிக் கிராமம். ‘டெல்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு’ என்று முழங்கிய ஊர். சமூக வன வள உரிமை கிடைத்த முதல் கிராமங்களில் ஒன்று, 2009-இல், சுமார் 1,800 ஹெக்டேர். அட்டவணையில் அந்த வருடமே எண் ஏறியிருக்கும், கணக்குப்படி வேலை முடிந்தது. ஊருக்கு முடியவில்லை. அங்கே காட்டில் பணம் என்றால் மூங்கில். மூங்கிலை வெட்டலாம், ஆனால் லாரியில் ஏற்றி ஊர் எல்லையைத் தாண்ட டிரான்சிட் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். பாஸ் புத்தகம் வனத்துறையிடம். மூங்கில் புல்லா மரமா என்ற பழைய சண்டை வேறு. மரம் என்று சொன்னால் சட்டத்தில் உள்ள சிறு வனப்பொருள் பட்டியலில் வராது, ஆகவே விற்க முடியாது. இத்தனைக்கும் சட்டம் மூங்கிலைப் பெயர் சொல்லியே அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது! காடு உங்களுடையது, மூங்கிலும் உங்களுடையது, சோதனைச் சாவடியைத் தாண்டினால் திருட்டு. 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து பாஸ் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்த 1,800 ஹெக்டேருக்கு அர்த்தம் வந்தது. அடுத்த வருடம் விதிகளைத் திருத்தி, கிராம சபையின் குழுவே அந்த பாஸைக் கொடுக்கலாம் என்று எழுதினார்கள்.

பட்டா வந்த 2009-க்கும் பாஸ் வந்த 2011-க்கும் நடுவே என்ன நடந்தது என்று எந்த இலக்குக் கண்காணிப்பு அறிக்கையிலும் ஒரு வரி பார்க்க முடியாது. அது ஹெக்டேரில் எண்ண முடியாத விஷயம். ஆனால் எண்ணவே முடியாத விஷயம் இல்லை. எத்தனை கிராம சபைகளிடம் பாஸ் புத்தகம் இருக்கிறது என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்கு வருகிறேன். காட்டு உரிமையைவிட இது பேசச் சலிப்பான விஷயம். ஆனால் சண்டை முழுக்க இங்கேதான். தான்சானியாவில் 1999 கிராம நிலச் சட்டம் கிராமங்களுக்குத் தங்கள் நிலத்தை நிர்வகிக்க அதிகாரம் கொடுத்தது. எது வயல், எது மேய்ச்சல், எது காடு, வருங்காலத்துக்கு எது என்று கிராமப் பேரவை கூடித் திட்டம் போடவேண்டும். காடு என்று ஒதுக்கியதைக் கிராமக் காப்புக்காடாக அறிவித்துவிட்டால் மரம் விற்ற வருமானம் கிராமத்துக்கே. கில்வா மாவட்டத்தில் இரண்டு கிராமங்கள் இப்படிப் பார்த்துக்கொண்ட இயற்கைக் காட்டுக்கு 2009-இல் எஃப்எஸ்சி என்ற, காட்டைப் பொறுப்பாக நிர்வகிப்பதற்கான சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் சமூகம் நிர்வகிக்கும் இயற்கைக் காட்டுக்கு அதுதான் முதல். ஆக, வழி இருக்கிறது, பலனும் இருக்கிறது.

தான்சானியாவில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். எல்லாவற்றுக்கும் திட்டம் என்பது இலக்கு. தடை எங்கே வருகிறதென்றால், திட்டம் போடுவதற்கு முன்னால் எல்லை தீரவேண்டும். பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் இதுதான் எல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மேய்ச்சல் வெளியை இரண்டு ஊர்களும் காலங்காலமாகப் பகிர்ந்து வந்திருந்தால், அது யாருடையது என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். திட்டம் போடவேண்டும் என்று வந்த நாளிலிருந்து கேட்டாக வேண்டும். பகிர்ந்தவர்கள் வழக்காளிகள் ஆகிறார்கள். இப்படிப்பட்ட கிராமம் எத்தனை கூட்டம் போட்டுப் பேசியிருந்தாலும் இலக்குப் பட்டியலில் பூஜ்யம்தான். நிதி கொடுத்த திட்டத்தின் காலம் முடியப்போகிறது என்றால் அதிகாரிகள் எந்தக் கிராமத்துக்குப் போவார்கள்? சண்டை இல்லாத கிராமத்துக்கு. திட்டம் அதிகம் தேவைப்படும் ஊர்களை விட்டுவிட்டுத் தேவை குறைந்த ஊர்களில் எண்ணிக்கை ஏறும். யாருடைய கெட்ட எண்ணமும் இதில் இல்லை. எண்ணிக்கைதான் இலக்கு என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், நானும் செய்வேன்.

வரைபடத்தின் அளவையும் பார்க்கவேண்டும். இந்தோனேசியா 2016-இல் ‘ஒரே வரைபடம்’ என்று கொள்கை கொண்டுவந்தது. ஒவ்வொரு அமைச்சகமும் தனித்தனி வரைபடம் வைத்துக்கொண்டு ஒரே இடத்தைச் சுரங்கத்துக்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் கொடுத்துவைத்திருந்ததற்கு அதுதான் மருந்து. அளவு 1:50,000. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு போட்டால் கோட்டின் தடிமனே 25 மீட்டர். அந்த 25 மீட்டருக்குள் ஒரு வீடு, ஒரு ஊற்று, ஒரு வரிசை ரப்பர் மரம், யாரோ ஒருவருடைய தாத்தாவின் சமாதி எல்லாம் அடங்கிவிடும். ஊரார் எல்லையை நடந்து காட்டும்போது பாறைக்கு இந்தப் பக்கம், மரத்துக்கு அந்தப் பக்கம் என்று கையால் தொட்டுக் காட்டுவார்கள். வரைபடத்தில் அவர்கள் நிற்கும் இடம் கோட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கோட்டின் மேலேயே நிற்கிறார்கள். அமைச்சகங்களுக்குள் உள்ள பஞ்சாயத்தைத் தீர்க்க அந்த அளவு போதும், ஊரின் பஞ்சாயத்துக்குப் போதாது.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட பல்லுயிர் இலக்குகளில் முதலாவதே நிலத் திட்டமிடல்தான். 2030-க்குள் எல்லாப் பகுதிகளும் மக்கள் பங்கேற்புடன் கூடிய திட்டத்துக்குள் வரவேண்டும் என்கிறது. அளவுகோல் என்ன? எத்தனை சதவீதப் பரப்புக்குத் திட்டம் இருக்கிறது. ‘மக்கள் பங்கேற்பு’ இலக்கின் வாசகத்தில் இருக்கிறது. தலைமை அளவுகோலின் சதவீதத்தில் அதை எப்படிப் பார்ப்பது? கூட்டத்தில் கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து இணைத்தால் பங்கேற்பு ஆகிவிடுமா? கிராமம் வேண்டாம் என்று சொன்ன திட்டங்கள் எத்தனை, அவற்றில் உண்மையிலேயே கைவிட்டவை எத்தனை என்று யாராவது எண்ணினால், அதுதான் பங்கேற்புக்கு நான் நம்பும் ஒரே சதவீதம்.

இதையெல்லாம் பின்தொடர விரும்புபவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு யோசனை. அரசு வெளியிடும் பக்கத்தை அன்றைய தேதியோடு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது அட்டவணை வந்தால் பழையது காணாமல் போகும். சில நேரம் கட்டத்தின் தலைப்பு மட்டும் சத்தமில்லாமல் மாறும். எண் மாறினால் எல்லோரும் கவனிப்பார்கள், தலைப்பு மாறினால் கவனிக்க ஆளில்லை. அமைச்சகம் இரண்டாகப் பிரியும்போது இன்னும் உஷாராக இருக்க வேண்டும். இந்தோனேசியாவில் 2024 அக்டோபரில் சுற்றுச்சூழலும் வனமும் தனித்தனி அமைச்சகங்கள் ஆயின. இப்படிப்பட்ட வேளைகளில்தான் பழைய தரவுப் பக்கங்கள் அனாதையாகும்.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த காலநிலை மாநாட்டை ஒட்டி, பூர்வகுடிகள் மற்றும் உள்ளூர்ச் சமூகங்களின் 16 கோடி ஹெக்டேர் நிலத்தை 2030-க்குள் அங்கீகரிப்போம் என்று பல அரசுகள் சேர்ந்து சொன்னன. இந்தோனேசியா தன் பங்குக்கு 14 லட்சம் ஹெக்டேர் மரபுரிமைக் காடு என்றது, 2029-க்குள். புது வரிசை ஒன்று திறந்து கீழே போட எண் தேடினேன். இந்த முறை எண் கையிலேயே இருந்தது. மரபுரிமைப் பகுதிகளை மக்களே அளந்து பதிவுசெய்யும் பிஆர்டபிள்யூஏ என்ற பதிவேடு அங்கே இருக்கிறது. அதில் பதிவான பரப்பு 3 கோடி ஹெக்டேருக்கு மேல். எல்லாம் காடு என்று சொல்லமுடியாது, வயலும் ஊரும் ஆறும் அதில் உண்டு. அரசின் கணக்கில் 14 லட்சம் கொடுத்துவிட்டால் நூறு சதவீதம். அந்தப் பதிவேட்டின் கணக்கில், ஏற்கெனவே கொடுத்த மூன்று லட்சத்துச் சொச்சத்தைச் சேர்த்தாலும் ஆறு சதவீதத்தைத் தொடாது. இரண்டு கட்டங்களையும் வைத்திருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில்.